வானிற் பறந்த உழவர் மைந்தர்

மலைகள் நாட்டுக்கு அரண். பகைவரைத் தடுப்பது மலை. ஆற்றைத் தந்து வயலை வளர்ப்பதும் மலை. ஆயினும், ஒரே மொழி பேசும் மக்களின் நடுவே அம்மலையே எல்லைக் கோடாக நிற்குமாயின், அஃது அரணாகாது. உறவினரைப் பிரிக்கும் மதிலாகிவிடும். அத்தகைய மலையின் ஒரு பக்கத்தே பிறந்து, மறுபக்கத்தே விமானம் அமைத்து, தாம் அமைத்த விமானத்திலேயே அம்மலையைக் கடந்து தம் ஊர்ப்புறம் சேர முயன்று உயிர் நீத்தார் ஒருவர். அவரே ருமேனிய மக்கள் போற்றும் வானவீரர் அவுரேல் விலாய்கு. அவர்தம் வாழ்க்கை முப்பத்தோராண்டும் நிரம்பாத சிறு வாழ்க்கை. எனினும், அது நமக்குக் கற்பிக்கும் பாடம் சிறிதன்று.

நாடும் மக்களும்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கே உள்ளது ருமேனியா. கார்ப்பேதியம் என்னும் மலைத்தொடர் அந்நிலத்தில் ஒரு பெரிய வில்லைப் போல வளைந்து கிடக்கின்றது. அதன் உயர்ந்த சிகரங்கள் 2,500 மீட்டருக்கும் மேலாக ஓங்கி நிற்பவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலையின் தெற்கிலும் கிழக்கிலும் பரந்திருந்தது ருமேனிய அரசு. அதன் தலைநகர் புகாரெஸ்ட். மலை வளைவின் உட்புறத்தே அமைந்திருந்தது டிரான்சில்வேனியா என்னும் வளமிக்க நிலம்.

டிரான்சில்வேனியாவில் ஹங்கேரியரும் ஜெர்மானியரும் வாழ்ந்தனர். எனினும், ருமேனிய மொழி பேசுவோரே தொகையில் மிக்கவர். ஆனால், அந்நிலம் அக்காலத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆகவே, மலைக்கு இப்பால் இருந்த ருமேனியரும் அப்பால் இருந்த ருமேனியரும் மொழியால் ஒன்றுபட்டிருந்தும் ஆட்சியால் வேறுபட்டிருந்தனர். மலைமுகட்டில் நாட்டெல்லை ஓடியது. கணவாய்களில் சுங்கச் சாவடிகள் நின்றன. இந்நிலையை மனத்திற் கொண்டாலன்றி அவுரேலின் வரலாறு நமக்கு நன்கு விளங்காது.

இளமையும் கல்வியும்

டிரான்சில்வேனியாவில், ஒரஷ்டியே என்னும் நகருக்கு அருகே, பின்ட்சின்ட்சி என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரில் உழுதுண்டு வாழ்ந்த குடியொன்றில், 1882 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19 ஆம் நாள் அவுரேல் பிறந்தார். தந்தையார் பெயர் துமித்ரு. தாயார் பெயர் அனா. ஏரும் எருதும் அறிந்த அக்குடியில் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் வானத்தில் வழி காண்பான் என்று அன்று எவரும் எண்ணியிருத்தல் இயலாது.

எனினும், பெற்றோர் மகனைப் படிக்க வைத்தனர். ஒரஷ்டியே நகரில் கிறித்தவச் சீர்திருத்தச் சபையினர் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். வீட்டில் பேசிய மொழி ருமேனியம். பள்ளியில் பயின்ற மொழி ஹங்கேரியம். பின்னர்ச் சிபியு நகரில் படிப்பைத் தொடர்ந்து, 1902 ஆம் ஆண்டில் பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். அதன்பின் புடாபெஸ்ட் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கிருந்து ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று பொறியியல் கற்றார். இடையே பேரரசின் கடற்படையிலும் சில காலம் பணி செய்தார். மூன்று மொழிகளின் வழியே கல்வி கற்க நேர்ந்தபோதும் அவர் சோர்ந்தாரல்லர். கற்ற மொழிகள் யாவும் அவருக்குக் கருவிகளாயின.

அவர் கல்வி கற்ற காலம் விமானத்தின் பிறப்புக் காலமாகும். 1903 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தார் இருவர் பொறியின் துணையால் வானிற் பறந்து காட்டினர். 1906 ஆம் ஆண்டில், டிரையான் வூயா என்னும் மற்றொரு ருமேனியர், பாரிசு நகருக்கு அருகே தாம் அமைத்த பொறியிற் சிறிது தொலைவு எழுந்து பறந்தார். பறவைக்கே உரியதென்று மனிதன் நெடுங்காலம் எண்ணியிருந்த வானம் மெல்லத் திறக்கத் தொடங்கியது. மியூனிக் நகரிற் கற்ற இளைஞருடைய உள்ளமும் அவ்வானத்தையே நாடியது.

வேலையும் வேட்கையும்

கல்வி முடித்த அவுரேலுக்கு, 1908 ஆம் ஆண்டில், ஜெர்மனியிலிருந்த ஓப்பெல் என்னும் புகழ்பெற்ற மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் பொறியாளர் வேலை கிடைத்தது. உழவர் குடியிற் பிறந்த இளைஞர் ஒருவருக்கு அஃது உயர்ந்த வேலையே. நல்ல ஊதியமும் நிலைத்த வாழ்வும் அங்கே காத்திருந்தன. ஆனால், பிறர் வரைந்து தந்த வழியில் வண்டி செய்வதில் அவர் மனம் நிறைவு பெறவில்லை. தாமே ஒரு விமானம் அமைத்தல் வேண்டும் என்னும் வேட்கை அவரை ஊருக்கு இழுத்தது. வேலையை விடுத்துப் பின்ட்சின்ட்சிக்குத் திரும்பினார்.

ஊரில் தொழிற்கூடம் இல்லை. பொறி வாங்கப் பொருளும் இல்லை. ஆகவே, தம் தம்பி இயோனைத் துணையாகக் கொண்டு, பொறியில்லாமல் காற்றின் தாங்குதலாலேயே மிதந்து செல்லும் சறுக்கு விமானம் ஒன்றை அமைத்தார். 1909 ஆம் ஆண்டின் கோடையில், அவர் அதிற் பலமுறை பறந்தார். காற்று எங்கே தாங்கும், எங்கே தள்ளும், எப்போது ஏமாற்றும் என்பனவற்றை அவர் ஏட்டிற் கற்றதோடு நில்லாது, தம் உடம்பாலும் உணர்ந்து கற்றார். அதே கோடையில்தான் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் கடலைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தார். இனிப் பொறியின்றி நிற்றல் ஆகாது என்று அவுரேல் உணர்ந்தார்.

பொறி வாங்கவும் விமானம் அமைக்கவும் பெரும்பொருள் வேண்டும். அவருடைய அறிவை மதித்த டிரான்சில்வேனிய ருமேனியர் சிலர், கவிஞர் ஒக்டாவியன் கோகா முதலானோர், அவருக்கு ஊக்கமும் உதவியும் அளித்தனர். மலைக்கு அப்பால் உள்ள ருமேனிய அரசிடம் சென்றால் வழி பிறக்கும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1909 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், அவுரேல் கார்ப்பேதிய மலையைக் கடந்து புகாரெஸ்ட் நகர் சேர்ந்தார். அந்நாட்டின் படைக்கலச் சாலையில் அவர் விமானம் அமைப்பதற்கு இடமும் துணையும் கிடைத்தன.

அம்பு வடிவ விமானம்

அவர் அமைத்த முதல் விமானம் 'முதலாம் விலாய்கு' எனப்பட்டது. அது பிறர் விமானங்களைப் பார்த்து அமைத்த படியன்று. அம்பைப் போன்ற வடிவுடையது. அவ்வடிவிற்கு அவர் காப்புரிமையும் பெற்றார். நீண்ட அலுமினியக் குழாய் ஒன்றே அதற்கு முதுகெலும்பு. அதன்மேல் அகன்ற இறக்கை அமைந்திருந்தது. இறக்கைக்குக் கீழே, தொட்டில் போன்ற சிறிய இடத்தில் ஓட்டுநர் அமர்வார்.

அவ்விமானத்தின் சிறப்பு அதன் இரண்டு சுழல்விசிறிகளே. ஒன்று இறக்கைக்கு முன்னும், மற்றொன்று இறக்கைக்குப் பின்னும் ஒரே நேர்கோட்டில் நின்றன. ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றொன்று இடமாகச் சுழலும். ஒரே விசிறி ஒரே திசையிற் சுழலுமாயின், அதன் எதிர்விசை விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க முயலும். இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழலும்போது ஒன்றின் சாய்வை மற்றொன்று சரிசெய்துவிடும். தராசின் இரு தட்டுகள் ஒன்றையொன்று சமன் செய்வது போன்றது இது.

விசிறிகளைச் சுழற்றியது 50 குதிரைத்திறன் உடைய நோம் என்னும் பிரெஞ்சுப் பொறி. அப்பொறியின் உருளைகள் வட்டமாக அமைந்து, தாமே சுழன்றுகொண்டிருக்கும். சுழலும்போது எதிர்ப்படும் காற்றே அவற்றைக் குளிர்விக்கும். ஆதலின், குளிர்விக்க நீரைச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. விமானத்தின் எடையும் குறைந்தது.

இவ்வாறு அமைந்த விமானம் 1910 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17 ஆம் நாள் புகாரெஸ்ட் நகரின் கோட்ரோச்சேனி வெளியில் நிலத்தை விட்டு எழுந்தது. எழுந்த உயரம் சில மீட்டரே. பறந்த தொலைவும் சிறிதே. ஆனால், அச்சிறு தொலைவு அந்நாட்டு வரலாற்றிற் பெருந்தொலைவாயிற்று. விமானத்தை அமைத்தவரும் அவரே, ஓட்டியவரும் அவரே. தவறு நேர்ந்தால் விழுபவரும் அவரே என்பதை அவர் அறிந்தே அமர்ந்தார்.

அவ்வாண்டின் செப்டம்பர்த் திங்களில் ருமேனியப் படையினர் பயிற்சிப் போர் நிகழ்த்தினர். அப்போது அவுரேல், சிலாட்டினா என்னும் ஊரிலிருந்து ஓல்ட் ஆற்றைக் கடந்து பியாட்ரா ஓல்ட் என்னும் ஊர்வரை படைச் செய்தி ஒன்றைத் தம் விமானத்திற் கொண்டு சென்றார். முதன்முதல் எழுந்து மூன்று திங்களும் சில நாள்களுமே ஆன விமானம், நாட்டுப் பணிக்குப் பயன்படலாயிற்று.

தம் மக்கள் முன்னிலையில்

1911 ஆம் ஆண்டில் அவுரேல் தம் இரண்டாம் விமானத்தை அமைத்தார். முதல் விமானத்தில் கண்ட குறைகளை இதில் நீக்கினார். இவ்விமானம் முன்னதினும் நன்றாகப் பறந்தது. புகழ் பெருகியது. ஆனால், அவர் உள்ளத்தில் ஓர் ஆவல் இருந்தது. மலைக்கு அப்பால், தம்மைப் பெற்று வளர்த்த மக்கள் கண்முன்னே பறந்து காட்டுதல் வேண்டும் என்பதே அவ்வாவல்.

அதற்கு ஏற்ற வாய்ப்பும் வந்தது. டிரான்சில்வேனிய ருமேனியர் தம் மொழியையும் இலக்கியத்தையும் வளர்ப்பதற்கென 1861 ஆம் ஆண்டில் 'ஆஸ்ட்ரா' என்னும் சங்கத்தைத் தோற்றுவித்திருந்தனர். அதன் பொன்விழா 1911 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிளாஷ் நகரில் நிகழ்ந்தது. அந்நகரின் புறத்தே ஒரு திறந்த வெளி உண்டு. 1848 ஆம் ஆண்டில் ருமேனிய மக்கள் பெருந்திரளாகக் கூடித் தமக்குரிய உரிமைகளைக் கோரியது அவ்வெளியிலேதான். விழாவிற்கு வந்த மக்கள் அண்ணாந்து நோக்க, அவுரேலின் விமானம் அங்கே வானில் எழுந்து வட்டமிட்டது.

மாணவர்களே, அக்காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அங்கே கூடியவருட் பலர் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர். விமானம் என்பதை அதற்குமுன் கண்டிராதவர். அவர்கள் தலைக்கு மேலே பறந்தவரோ வேற்று நாட்டுப் பெருஞ்செல்வர் அல்லர்; தம்மைப் போல் உழுதுண்ணும் குடியிற் பிறந்தவர்; தம் மொழி பேசுபவர். கல்வியும் உழைப்பும் ஓர் எளிய குடியை எவ்வளவு உயரத்திற்கு ஏற்றக்கூடும் என்பதை அன்று அவர்கள் தம் கண்ணாலேயே கண்டனர். நூறு சொற்பொழிவுகள் செய்ய இயலாததை அந்தச் சிறு பறத்தல் செய்தது.

பேரரசின் தலைநகரில்

1912 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வியன்னா நகரையடுத்த ஆஸ்பெர்ன் என்னும் இடத்தில் அனைத்து நாட்டு விமானப் போட்டி நடைபெற்றது. பிரெஞ்சு நாட்டின் ரோலான் காரோசு போன்ற புகழ் மிக்க வானவீரர் பலர் அங்கே வந்திருந்தனர். அவர்தம் விமானங்கள் பெருந்தொழிற்சாலைகளில் உருவானவை. அவுரேலின் விமானமோ ஒருவருடைய கருத்தில் தோன்றி, ஒரு படைக்கலச் சாலையில் உருப்பெற்றது. ஆயினும், அவர் முதற்பரிசு உள்ளிட்ட பல பரிசுகளைப் பெற்றார். விமானத்தை நினைத்தவாறு திருப்புதல், குறித்த இடத்தில் இறக்குதல், குறித்த இலக்கில் பொருளை எறிதல் ஆகிய நுட்பங்களில் அவர் கைத்திறன் விளங்கியது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. டிரான்சில்வேனியாவிற் பிறந்த அவுரேல் அப்பேரரசின் குடிமகனே. தம் திறமையைப் பேணி வளர்த்தது மலைக்கு அப்பால் உள்ள வேற்றரசு. அத்திறமையைக் கண்டு பேரரசின் தலைநகரே வியந்தது. ஆற்றல் உடையவனுக்கு இடம் தாராத நாடு, பின்னொரு நாள் அவனைப் பிறர் முன்னிலையில் வியந்து பார்க்க நேரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இறுதிப் பயணம்

அவர் மூன்றாம் விமானம் ஒன்றையும் வகுத்தார். அது கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சிக்காக மார்க்கோனி நிறுவனத்தாருக்கென அமைக்கப்பட்டது. இருவர் அமரக்கூடிய அவ்விமானம் முற்றுப் பெறுவதற்கு முன்பே 1913 ஆம் ஆண்டின் செப்டம்பர்த் திங்கள் வந்தது. அவ்வாண்டு ஆஸ்ட்ரா சங்கத்தின் பெருவிழா ஒரஷ்டியே நகரில் நிகழ இருந்தது. ஒரஷ்டியே அவர் பயின்ற நகர். அவர் பிறந்த ஊரோ அதற்கு அண்மையிலுள்ளது.

முன்பு பிளாஷ் நகர் விழாவிற் பறந்ததுண்டு. ஆனால், புகாரெஸ்டிலிருந்து கார்ப்பேதிய மலையை வான்வழியே கடந்து, ஒரஷ்டியே சேர்வது வேறு. மலைமேல் வீசும் காற்று எளிதில் அடங்காதது. பள்ளத்தாக்குகளில் அது சுழலும். சரிவுகளில் திடீரென்று கீழிறங்கும். 50 குதிரைத்திறப் பொறி கொண்ட மெல்லிய விமானத்திற்கு அது பெருஞ்சோதனை. மேலும், மூன்றாம் விமானம் முடியாமையால், இரண்டாண்டுகளாகப் பன்முறை பறந்து தேய்ந்த இரண்டாம் விமானத்தையே அவர் கொள்ள வேண்டியதாயிற்று.

1913 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13 ஆம் நாள் அவர் வடக்கு நோக்கிப் பறந்தார். பிரகோவா ஆற்றின் பள்ளத்தாக்கு மலைக்குள் நுழையும் வாயில் போன்றது. அவ்வாயிலின் அருகே உள்ளது கிம்பினா நகர். அதனை அடுத்த பெனெஷ்டி என்னும் ஊரின் அருகே அவர் விமானம் நிலத்தில் வீழ்ந்தது. அவுரேல் உயிர் துறந்தார். மலை முகடுகள் முன்னே தோன்ற, மலையடியிலேயே அப்பயணம் முடிந்தது. விமானத்தின் தேய்வே காரணம் என்பர் சிலர். அவர்தம் உடல் நலிவே காரணம் என்பர் வேறு சிலர். பிறந்த மண்ணை நோக்கி அவர் சென்றுகொண்டிருந்தார் என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை.

தேய்ந்த விமானத்தில் மலையைக் கடக்க முற்பட்டது அறிவுடைமையா என்று சிலர் வினவக்கூடும். வினவத்தக்கதே. துணிவு வேறு, துடிப்பு வேறு. தம் ஆற்றலையும் தம் கருவியின் ஆற்றலையும் எடைபோட்டுச் செயலில் இறங்குவதே சிறந்த துணிவு. அவுரேல் மூன்றாம் விமானம் முடியும்வரை காத்திருப்பின் ஒருவேளை மலையைக் கடந்திருத்தல் கூடும். ஆனால், விழா நாள் காத்திராது. ஊராரைக் காணும் விருப்பமும் காத்திராது. அவர்தம் முடிவு பெருமையால் வந்ததன்று. அன்பு மிகுதியால் வந்தது. குறையே எனினும், அது பெரியோர் குறை என்றே நாம் கருதுதல் தகும்.

மறைந்தபின் விளங்கிய புகழ்

அவர் உடல் புகாரெஸ்ட் நகரின் பெல்லு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. நண்பர்கள் அவர் விட்டுச்சென்ற மூன்றாம் விமானத்தை அவருடைய வரைபடங்களின்படி முடித்தனர். 1914 ஆம் ஆண்டில் அது வானில் எழுந்தது. அமைத்தவர் இல்லாத நிலையிலும் அவர் அறிவு பறந்தது.

அவர் மறைந்து ஐந்தாண்டுகள் சென்றன. முதல் உலகப் போர் முடிந்தது, பேரரசு சிதைந்தது. 1918 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், டிரான்சில்வேனிய ருமேனியர் ஆல்பா யூலியா நகரிற் கூடி, ருமேனியாவோடு இணைவதாக முடிவு செய்தனர். மலைமுகட்டில் ஓடிய எல்லை மறைந்தது. அவுரேல் வான்வழியே கடக்க முயன்ற அக்கோடு, அவர் இருந்திருப்பின், அவருக்குத் தடையாகவே இருந்திராது.

அவர் காட்டிய வழியில் ருமேனியர் பலர் வானை நாடினர். ஸ்மராண்டா பிரெயெஸ்கு என்னும் பெண்மணி 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வான்குடை கொண்டு பேருயரத்திலிருந்து குதித்து உலகப் புகழ் பெற்றார். இனிய பாடல்களுக்கு இசையமைத்து நாட்டு மக்கள் உள்ளத்தைக் கவர்ந்த இயோனெல் ஃபெர்னிக் என்பாரும் விமானம் ஓட்டக் கற்று வானவீரர் ஆனார். அவர் 1938 ஆம் ஆண்டு நிகழ்ந்த விமான விபத்தொன்றில் மறைந்தார். பாட்டிசைத்தவரும் வானையே விரும்பிய காலம் அது. அவ்விருப்பத்திற்கு வித்திட்டவருள் உழவர் மைந்தர் அவுரேல் முதல்வரிசையில் நிற்பவர்.

1948 ஆம் ஆண்டில் ருமேனியக் கல்விக்கழகம், மறைந்த அவுரேலைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது. பின்ட்சின்ட்சி என்னும் ஊர் இன்று அவுரேல் விலாய்கு என்றே வழங்குகின்றது. அவர் பயின்ற ஒரஷ்டியேப் பள்ளியும், புகாரெஸ்ட் நகரின் பெனியாசா விமான நிலையமும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றன. அந்நாட்டின் 50 லெய் நாணயத்தாளில் அவர் உருவம் விளங்குகின்றது. உழவர் கையிலும் வணிகர் கையிலும் நாள்தோறும் அத்தாள் மாறிச் செல்கின்றது.

தாம் பெற்ற கல்வியை அவர் தம் நலத்திற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. உயர்ந்த வேலையை விட்டு ஊர் திரும்பினார். கருவியில்லாத இடத்திலும் தம்பியைத் துணையாக்கித் தொழில் தொடங்கினார். புகழ் வந்தபின்னும் பிறந்த மண்ணையே நோக்கிப் பறந்தார். எண்ணிய ஊரை அவர் அடையவில்லை. எனினும், அவ்வூரே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் பிறந்த ஊரை மறவாதவனை அவ்வூரும் மறப்பதில்லை என்னும் உண்மையை அவுரேலின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.